அடிக்காய்

என் வீட்டுக்காரர் தங்கசாமி வீட்டில் படுத்துத் தூங்கி இருபத்திரண்டு நாளாகிறது. ஊருக்குச் சொல்லும் காரணம், பருத்திக்காட்டில் பன்றித் தொல்லை. சிறுவாச்சூர்க் காளியே நேரில் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வார். மோட்டார் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு போர்வை. இந்த வருசம் எங்கள் காட்டுப் பக்கம் ஒரு பன்றிகூட எட்டிப் பார்க்கவில்லை.

மாசியில் அவருக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. இரண்டு போட்டாயிற்று. மூன்றாவது இந்த வியாழக்கிழமை. போக மாட்டேன் என்று நிற்கிறார்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது, "ஊசி போட்டா அடியோட போயிடுமாம்மா?" என்று இவர் கேட்டதுதான் வினை. டாக்டர் பானுப்ரியா ஒளிக்காமல் சொன்னார்.

"ஆண் ஹார்மோன்தாங்க ஐயா இந்தக் கட்டிக்குத் தீனி. ஊசி அத நிறுத்துது. ஆனா நாளாக ஆக சில செல்லுங்க வேற வழி பாக்கும். சுத்தியிருக்குற தசையும் எலும்பும் வளர்ச்சிக் காரணின்னு சிலத சுரக்குது. அதப் புடிச்சிக்கிட்டு வளரும், பக்கத்துலயும் பாயும். அப்புடி ஆனா வேற மருந்து இருக்கு."

பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நுனி கிள்ளுற வேலதான் புள்ள இது," என்றார்.

பருத்தியில் எழுபத்தைந்தாம் நாள் வாக்கில் நுனியைக் கிள்ளுவோம். கிள்ளினால் பக்கக்கிளை கிளம்பும். ஊசி போட்டால் நோயும் அப்படிப் பக்கத்தில் கிளைக்கும், போடாவிட்டால் ஒரே தண்டாகச் சும்மா நிற்கும் என்று முடிவு கட்டிவிட்டார். பருத்தி போடுகிறவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. சில நாள் கழித்துப் போர்வையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர்தான்.

எனக்கு அவர் முதுகு வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்? முப்பத்தைந்து வருசமாக அந்த முதுகில் கை வைத்துத்தான் தூங்கியிருக்கிறேன். சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுப்பார், அதுவும் எனக்கு வசதிதான். இப்போது கை பாதிப் பாயைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்புகிறது. ஏக்கம் என்றால் இதுதான் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோற்றுத் தூக்கோடு காட்டுக்குப் போனேன். வரிசை வரிசையாக நுனி கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு செடியை வளைத்துக் காட்டினார்.

"போன வாரம் கிள்ளுனது. எப்புடிக் கெளைக்குது பாரு. இதத்தான் அந்த டாக்டரம்மாவும் சொல்லுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பறம் ஏன் கிள்ளுறீங்க? வுட்டுட வேண்டியதுதான?"

"வுட்டா ஆளுசரம் ஏறி எலையா போயிடும். ஒரு காய் நிக்காது."

"கிள்ளுனா?"

"கீழ்க்கெளையில நிக்கிற அடிக்காய் தெறமா புடிக்கும். பக்கக்கெள என்னவோ பண்ணட்டும், அதுக்குள்ள அடிக்காய் வெடிச்சி வூட்டுக்கு வந்துடுமுல்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். கிள்ளிய நுனி கையிலேயே இருந்தது.

"எனக்கு அந்த அடிக்காய் போதுங்க," என்றேன். அழக்கூடாது என்றுதான் போனேன். முடியவில்லை.

அந்த நுனியை வரப்பில் போட்டார். பிறகு மெதுவாக, "அந்த ஊசி போட்டதுலேந்து நான் ஆம்பளையாவே இல்ல, அம்சா. ஒடம்பெல்லாம் குப்பு குப்புன்னு வேக்காடு. ஒன் பக்கத்துல படுத்து என்னத்துக்கு ஆவப்போறேன்?" என்றார்.

ஆக, இதுதான் அந்தப் பன்றி.

"நான் ஒங்க முதுகத்தான கேக்குறேன்? அத எந்த ஊசி என்ன பண்ணிடும்?"

மோட்டார் தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். கழுவின கையையே மறுபடியும் கழுவினார்.

"வியாழக்கெழம எத்தன மணி பஸ்ஸு?"

"ஆறரைக்கு. ஆனா இன்னைக்கே வூட்டுக்கு வாங்க."

போர்வையை நான் மடித்தேன். கட்டிலை அவர் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு வரும்வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.