ஆவுடையப்பனின் இடது கன்னம்

முதலில் கை நீட்டியவன் ஆவுடையப்பன்தான். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

கோவில்பட்டியில் அவன் மகளின் காதுகுத்து விருந்து. பந்தலுக்குப் பின்னால் பரோட்டா வீசிக்கொண்டிருந்தவர் பூவலிங்கம், அவனுடைய அக்காள் கோமதியின் கணவர். சொன்னதைப் போல இரண்டு மடங்கு ஆளைக் கூப்பிட்டவன் ஆவுடையப்பன். சால்னா தீர்ந்துபோனதும், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அத்தானின் இடது கன்னத்தில் அறைந்தவனும் அவனே. அந்த நேரத்தில் பூவலிங்கம் வீசிய பரோட்டா காற்றில் விரிந்திருந்தது. அதைக் கிழியவிட அவருக்கு மனம் வரவில்லை. பிடித்து, சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் நாலு பேர் ஆவுடையப்பனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து, திருப்பித் தரவேண்டிய அந்த ஓர் அறையைப் பூவலிங்கம் தன் வலது கையில் பத்திரமாக வைத்திருந்தார். கோமதி மட்டும் தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். அவர் அந்தத் தெருப் பக்கம்கூடத் திரும்புவதில்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை கிளம்பிப் போய்விட்டது.

அந்த ஊரில் அது அப்படித்தான். பக்கவாதத்தில் போகிற உறுப்பு, அந்த ஆள் இரவும் பகலும் யாரை நினைத்துக்கொண்டிருந்தாரோ அவர் வீட்டில் போய்த் தங்கும். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளையின் கால், மகளைப் பார்க்கத் திருப்பூருக்கே பஸ் ஏறிவிட்டது. கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்தாராம். பூவலிங்கத்தின் கை அவ்வளவு தூரம் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே கோமதிக்குப் போன் வந்தது. பேசியது ஆவுடையப்பனின் மனைவி.

“மதினி, அண்ணாச்சி கை இங்கதான் இருக்கு. தேடாதீங்க. அரிசி டப்பா மேல உக்காந்திருக்கு.”

பூவலிங்கம் வெறும் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தார். போயும் போயும் அந்த வீட்டுக்கா போகவேண்டும்?

மறுவாழ்வு மையத்தில் அவரைக் கவனித்தது எஸ்தர் என்ற பயிற்சியாளர். முன்பெல்லாம் போன கையைச் சாக்கில் கட்டித் தூக்கி வருவார்களாம். அப்படி வந்த கை நனைந்த துண்டு மாதிரி கிடக்குமாம். இப்போது ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது என்றாள் எஸ்தர். கை எங்கே இருக்கிறதோ அங்கேயே போய், அதற்குத் தெரிந்த வேலையை அதனிடமே கொடுக்கவேண்டும். அலுக்காமல் திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டும். ஒருநாள் அதுவே கூட வந்துவிடும்.

“நல்ல கையை மூடி வைக்கணும் ஐயா. இல்லைன்னா எல்லாத்தையும் அதுவே செஞ்சிரும். போன கை, நாம எதுக்குன்னு சும்மா இருந்துக்கிடும். சரி, கை வந்ததும் நீங்க முதல்ல என்ன செய்யணும்? மனசுக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணு சொல்லுங்க. அதை வச்சுத்தான் பயிற்சி.”

“ஒருத்தனை அறையணும்.”

“எந்தக் கன்னத்தில?”

“இடது.”

“அப்போ தோள்பட்டையிலிருந்தே ஆரம்பிக்கணும்” என்றாள் எஸ்தர்.

இப்படித்தான் பூவலிங்கம் அந்த வீட்டுப் படியேறினார். இடது கையில் குரங்குக் குல்லாயை மாட்டி மணிக்கட்டில் நாடா கட்டியிருந்தார்கள். உள்ளே அவருடைய வலது கை ஆவுடையப்பனின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. பூவலிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

“வாங்க அத்தான்” என்றான் ஆவுடையப்பன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

“உன்னைப் பார்க்க வரலை. கையைப் பார்க்க வந்தேன்.”

மேசையில் எண்ணெய் தடவி, மைதா உருண்டைகளை வைத்தார்கள். பூவலிங்கம் தோளை அசைப்பார். மேசையில் கிடக்கும் கை அதைப் பார்த்து வேலை செய்யவேண்டும். முதலில் அது அவருக்குப் புறங்கையைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அவர் அசைத்துக்கொண்டே இருந்தார். சுண்டுவிரல் எட்டிப் போய் மாவைத் தொட்டது.

“தொட்டுட்டு! தொட்டுட்டு!” என்று கோமதி கத்தினாள். அண்டை வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

இன்னொன்றையும் ஆராய்ச்சி சொல்கிறது என்றாள் எஸ்தர். சாப்பிட ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அது வேலை. இல்லாவிட்டால் வெறும் ஆட்டம்; கை அதை மதிக்காது. உட்கார்ந்த ஆள் நடுவில் எழுந்தாலும் போச்சு. ஆகவே தினமும் இலையைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான் ஆவுடையப்பன். பிய்ந்ததும் வேகாததுமாக வந்ததையெல்லாம் தின்றான்.

“அத்தான், தொட்டுக்கிட ஏதாவது…”

“சால்னாதான் அன்னிக்கே தீர்ந்துபோச்சுல்லா” என்றார் பூவலிங்கம். அவன் வறட்டுப் பரோட்டாவை மென்றான்.

கை தேறிவந்தது. மாவைப் பிசைந்தது, தட்டியது. வெந்த பரோட்டாக்களை அடுக்கிப் பக்கவாட்டில் அடித்து உதிர்த்தது. “அறையிறதுக்கும் இதே அசைவுதான் ஐயா, நல்லா அடிங்க” என்றாள் எஸ்தர். பூவலிங்கத்துக்குத் தூக்கமே வரவில்லை. எப்போது விடியும் என்று படுத்திருந்தார். சட்டைக் கைக்குள் குறுகுறுவென்று ஏதோ ஓடியது.

கை திரும்பிவிடும் என்று எஸ்தர் குறித்துக் கொடுத்த நாள் வந்தது. தெருவே ஜன்னலில் தொங்கியது. ஆவுடையப்பன் மட்டும் முகத்தின் ஒரு பக்கத்தைத் துண்டால் மூடியிருந்தான். பல்வலி என்று நினைத்தார்கள். பூவலிங்கம் தோளைச் சுழற்றினார். கை மாவை எடுத்தது, வீசியது. மறுபடி வீசியது. பரோட்டா வேட்டி அகலத்துக்கு விரிந்து, வெளிச்சம் ஊடுருவ, கிழியாமல் வந்து படிந்தது. சுருட்டி வைத்துவிட்டு, கை மேசையைவிட்டு எழும்பிப் பூவலிங்கத்தின் சட்டைக்குள் நுழைந்துகொண்டது.

விசில் பறந்தது. கோமதி அழுதாள். பூவலிங்கம் விரல்களை மடக்கினார், விரித்தார். அறை உள்ளே அப்படியே இருந்தது, சூடு ஆறாமல்.

“எந்திரில” என்றார்.

ஆவுடையப்பன் எழுந்தான். கண்ணாடியைக் கழற்றி வைத்தான். பிறகு துண்டை எடுத்தான். முகத்தின் இடது பக்கம் வெள்ளையடித்த சுவர் மாதிரி வெறுமையாக இருந்தது.

“கன்னம் காலையிலயே போயிருச்சு அத்தான்” என்றான் குழறலாக.

எஸ்தர் அவனைத் திட்டினாள். “காலையிலேயே சொல்ல மாட்டீங்களா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாம உக்காந்து பரோட்டா தின்னுக்கிட்டா இருப்பாங்க?”

“அத்தான் கை வர்ற நாளு. நடுவில நான் எந்திரிச்சா போயிரும்லா.”

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது.

“வேணும்னா இந்தப் பக்கம் அடிச்சுக்கோங்க” என்று வலது கன்னத்தைக் காட்டினான்.

“நான் வாங்கினது இடது. இடதுக்கு இடதுதான்” என்றார் பூவலிங்கம். “உக்காந்திருந்தியே, அது வேற. அதை இதில சேர்க்காத.”

அவரே ஆட்டோவைக் கூப்பிட்டார். வந்த கையாலேயே அவனைத் தாங்கி ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

கன்னம் அங்கேதான் இருந்தது. அவருடைய தலையணையில், சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, படுத்திருந்தது. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எஸ்தர் போனில் சொன்னாள். கன்னத்துக்குத் தெரிந்த வேலை மெல்லுவதும் சிரிப்பதும். தங்கிய வீட்டிலேயே அதைப் பழக்கவேண்டும். தினமும் மெதுவாகத் தடவிக்கொடுக்கவேண்டும். அது தானாகக் கிளம்பி ஆவுடையப்பன் முகத்துக்குப் போய்ச் சேரும்வரை யாரும் அறையக்கூடாது.

கோமதி அடுப்பில் சால்னா வைத்தாள். பூவலிங்கம் வலது கையை நல்லெண்ணெயில் தோய்த்துக் கன்னத்தைத் தடவினார். கீழிருந்து மேலாக, விடாமல் தடவினார். வெகுநேரம் கழித்து அதில் சின்னதாக ஒரு குழி விழுந்தது.

“சிரிக்காதல” என்றார். “இன்னும் பாக்கி இருக்கு.”