பஷீரின் பலகை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நான் எஞ்சின் ஓட்டுகிறவன். சத்தம் கேட்டால் எந்த நட்டு தளர்ந்தது என்று பார்ப்பேனே தவிர, தாயத்துக் கட்டிக்கொள்ள ஓட மாட்டேன். ஆனால் எங்கள் லாஞ்சின் முன்பலகை சூடாக இருந்தது உண்மை. நானே தொட்டுப் பார்த்தேன்.

ராயபுரத்திலிருந்து, வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மர மோட்டார்ப் படகுதான் அந்த லாஞ்சு. சாரங்கு உசேன் சுக்கான் பிடிப்பார். பஷீர் முன்னால் நின்று கயிறு வீசுவான். வேலை இல்லாத நேரமெல்லாம் அந்த முன்பலகையில்தான் அவனுக்கு இருப்பு. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், திருவொற்றியூருக்கு நேரே, அலை புரட்டியதில் அவன் தண்ணீரில் விழுந்துவிட்டான். "சாரங்கே, இங்க கீறேன்" என்று கத்தினது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. ஆள் தெரியவில்லை. முன்விளக்கைத் திருப்பித் திருப்பித் தேடினோம். பாழாய்ப்போன விளக்கு பீடி நெருப்பு மாதிரி சிவந்து எரிந்தது. லாஞ்சின் மூக்கைத் தாண்டி எதையும் காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பலகையின் சூட்டைக் கவனித்தோம். பகலெல்லாம் சாதாரணப் பலகை. பொழுது சாய்ந்து நாங்கள் திரும்பும்போது, யாரோ இத்தனை நேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பு. உசேன் அதன்மேல் யாரையும் மிதிக்க விடவில்லை. தினமும் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். பஷீரின் மனைவி காத்தூன் பீவிக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். லாஞ்சைக் கரையில் கட்டியதும் அவள் ஏறி வருவாள். பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஆறுகிற வரை இருந்துவிட்டு எழுந்து போவாள்.

மார்கழியில் ஒருநாள் திரும்பும்போது தார் வாசனை குப்பென்று அடித்தது. பலகை இடுக்கில் பூசியிருந்த தார் இளகிக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. முன்னறைக்குள் தலையைக் குனிந்து நுழைந்து கையை விட்டேன். பலகைக்கு நேர் கீழே, முறத்தளவு வட்டமாக, மின்சாரக் கம்பிச் சுருள். தொட்ட விரல் பொத்துப்போயிற்று.

எனக்கு உடனே நினைவு வந்தது. கந்தூரிக்குத் தர்காவில் விளக்குச் சரம் கட்டியபோது மிச்சமான கம்பியை, பரக்கத்து, வீட்டுக்கு நல்லது சேரும் என்று பஷீர்தான் கொண்டுவந்து முன்விளக்குக்கு இழுத்தான். தர்காவுக்குப் போன கம்பியில் கத்தி படக் கூடாது என்று, மீந்ததை வெட்டாமல் தன் பலகைக்கு அடியிலேயே சுருட்டி வைத்துவிட்டான். தர்காவில் ஓடுவது தெருக் கரண்டு. அழுத்தம் அதிகம், மெல்லிய கம்பி போதும். படகில் இருப்பது பேட்டரி, அழுத்தம் குறைவு. அதே வெளிச்சத்துக்குப் பல மடங்கு கரண்டு ஓடியாக வேண்டும். ஒல்லிக் கம்பி தாங்காது. விளக்கு எரியும்போதெல்லாம் பாதி வழியிலேயே சூடாகி வெளிச்சத்தைத் தின்றுவிடும். விளக்குக்குப் போவது மிச்சம் மீதிதான்.

"இது எரிஞ்சா நாம ரெண்டு பேரும் நடுக்கடல்ல சாம்பல்தான். பிரிச்சு வேற போடணும்" என்றேன்.

உசேன் பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "தர்கா கம்பி கர்ணா அது. பஷீரும் இங்கதான் கீறான். காத்தூன் சொன்னா கை வையி. இல்லாங்காட்டி நான் வுடமாட்டேன்."

அன்று சாயங்காலம் அவள் வந்து கையை வைத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுருதானே அண்ணே கம்பி இஸ்தாரு?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்போ இந்தச் சூடு... அன்னிக்கு அவுருக்குப் போயிருக்க வேண்டிய வெளிச்சமா?"

"ஆமா தங்கச்சி."

"இங்கியே நின்னுட்சா?"

"ஆமா."

வெகுநேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அனுப்பிவுடுண்ணே" என்றாள். "நேரம் போனாலும் பரவால்ல. அவுருக்குச் சேர வேண்டியது. அனுப்பிவுடு."

மறுநாள் பகலில் வேலையை ஆரம்பித்தேன். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் தூரத்தோடு திரும்பி வரும் தூரத்தையும் கூட்டி, அதற்குத் தகுந்தாற்போல் சுண்டுவிரல் பருமனுக்குக் கேபிள் எடுத்தேன். பழைய கம்பியைக் காத்தூனே பிரித்தாள். எங்கும் வெட்டவில்லை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

பொழுது இறங்கும்போது மூவரும் திருவொற்றியூருக்கு நேரே போனோம். எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன். வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. ஒவ்வொரு அலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அன்றைக்கு இது இருந்திருந்தால் பஷீரை மயிரைப் பிடித்தாவது தூக்கியிருப்போம்.

காத்தூன் பலகையைத் தொட்டாள். நானும் தொட்டேன். ஈரக் கல் மாதிரி சில்லிட்டிருந்தது. அவள் விளிம்பில் குனிந்து, வெளிச்சம் விழுந்த தண்ணீரில் கையை விட்டாள். விட்ட கையை எடுக்கவே இல்லை.

"அண்ணே, நீயும் கைய வையி."

வெளிச்சத்துக்கு வெளியே விட்டேன். மார்கழித் தண்ணீர் எலும்பைக் கடித்தது. கையை அவள் பக்கம் நகர்த்தினேன். வெளிச்சத்துக்குள் வந்ததும் தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. அந்தப் பலகையின் அதே சூடு.

உசேனும் குனிந்து கையை விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கலிமா சொன்னார். "கர்ணா, விளக்க அணைச்சுடு. வா, போயிடலாம்" என்றார்.

"வேணாம் சாரங்கே. பேட்டரி தீர்ற வரைக்கும் எரியட்டும்" என்றேன்.