முப்பத்தாறாவது படம்

சிவகணேஷ் ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் நான்கு குடம் பிடித்தான். காப்பி போட்டு, நின்றுகொண்டே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி சுப்ரஜா போய் ஏழு மாதமாக இதில் மாற்றமில்லை. பிறகு ஒரு படத்தின் நெகட்டிவைச் சட்டைப்பையில் வைத்து, அதன் பிரிண்டை உறையில் போட்டுக்கொண்டு மரபுக் காப்புக் குழுவின் கூட்டத்துக்குக் கிளம்பினான்.

குழுவுக்குப் படம் எடுக்கிறவன் அவன். பாபநாசம் சாலையில் ஆற்றங்கரைக் கல்மண்டபம் ஒன்று நானூறு வருஷமாக நின்றது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில்கூட ஒரு கல் நகரவில்லை. அதைக் காப்பாற்றத் தை மாதம் குழு அங்கேயே மாநாடு கூட்டி, பந்தல் கயிற்றை அதன் தூண்களில் கட்டியது. காற்றடித்தது. பந்தல் தப்பியது, இரண்டு தூண்கள் விழுந்தன. மிச்சம் ஆபத்து என்று தீர்மானம் போட்டுக் குழுவே இடித்தது. இப்போது அந்த இடத்தில் நினைவு வளைவு கட்டுகிறார்கள். அதில் பதிக்க மண்டபத்தின் படம் வேண்டும்.

ஆடியில் குழு பார்வையிடப் போனபோது அவன் ஒரு ரோல் எடுத்திருந்தான். முப்பத்தைந்து படங்களில் குழுவினர் மாலையோடு மண்டபத்தை மறைத்து நின்றார்கள். அவர்கள் சாப்பிடப் போன பின், கூட வந்திருந்த சுப்ரஜாவை ஆறடிக் கம்போடு தூணருகே நிறுத்தி எடுத்த கடைசிப் படத்தில்தான் மண்டபம் முழுசாக இருந்தது.

கூட்டத்தில் தலைவர் அருமைநாயகம், பாத்திரக்கடைக்காரர், அந்தப் படத்தைக் கண்ணருகே பிடித்தார்.

"என்னவே, பொம்பள நிக்கா?"

"அளவுக்கு, அண்ணாச்சி. தூண் உயரம் தெரியணும்லா."

"அளவுக்கு நான் நின்னா ஆகாதோ? நெகட்டிவைத் தாரும். இவளை அழிச்சிட்டு அங்கன என்னைய ஒட்டச் சொல்லுதேன்."

"நீங்க நின்னா தூண் தெரியாது, அண்ணாச்சி."

செயலாளர் மந்திரமூர்த்தி தலைவர் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னார். "அவரு வீட்டம்மா. ஆவணியில மஞ்சக்காமாலையில தவறிட்டாக."

தலைவர் யோசித்தார். "பாவம். அப்பம் கீழ அந்தப் பிள்ளை பேரைப் பொடி எழுத்துல போட்டிருவோம். ஆளு வேண்டாம். நெகட்டிவு எங்க?"

"தொலஞ்சிட்டு." சிவகணேஷ் பிரிண்டை வாங்கி உறைக்குள் வைத்தான்.

"நானூறு வருஷத்து மண்டபம்வே. ஒரு படத்தைக் காப்பாத்தத் தெரியலியே உமக்கு."

குழு வருத்தத் தீர்மானம் போட்டது. வளைவில் தலைவர் படத்தைப் பதிப்பதென்று முடிவானது.

வீட்டுக்கு வந்து நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மண்டபம் நின்றது. அவள் கண்ணை மூடியிருந்தாள். கடைசியாக அவள் 'முருகா' என்றாள் என்று அவளுடைய அத்தை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அத்தை அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் அவன். அன்றைக்குத்தான் பிரிண்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தான். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"கண்ணை மூடிட்டேன் பாருங்க. என்னைய வெட்டிட்டு மண்டபத்தை மட்டும் வச்சுக்கிடுங்க."