துக்க வீட்டில் முதல் பேச்சு

பெரியம்மா யிட்டா, யூதத் துக்க வழக்கப்படி நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடுவதற்கு முன் அதில் தன் பொய்முடியை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். பிரைண்டலின் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

"பிரைண்டல், யாராவது கேட்டா அம்மாவுக்கு வயித்துப் புண்ணுன்னு சொல்லு. உன் தங்கச்சிக்கு வரன் பேசியிருக்கு."

"பாட்டிக்கும் புண்ணு, ரோஸா சித்திக்கும் புண்ணு. நம்ம வீட்டுச் சாப்பாடு அவ்வளவு மோசமா பெரியம்மா?"

அந்தப் புரூக்ளின் தெருவில் அந்த நோயின் பெயரைக் கடைசியாகச் சத்தமாகச் சொன்னவருக்கு இன்னும் பெண் அமையவில்லை. அவருக்கு வயது எண்பத்திரண்டு.

துக்கத்துக்கு அடையாளமாக மார்பில் கிழித்த சட்டையோடு பிரைண்டலும் தங்கை ஹின்டியும் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். கூடம் நிறைந்தது. துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாது. கல்யாணத் தரகு ஃப்ரூமா அம்மாள் பேசாமலிருப்பதைப் பார்ப்பதற்கென்றே நாலு பேர் கூடுதலாக வந்திருந்தார்கள். அவள் பக்கத்தில் ஹின்டிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய். சுவரோரம் யிட்டாவின் மூன்று பெண்கள். மூத்தவள் மடியில் கைக்குழந்தை.

பிரைண்டல் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் தங்கையின் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் சுவரோரம் இருப்பவர்களில் யார் போவார்களோ. தன்னுடைய கல்யாணமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள்.

"எங்கம்மா சினைப்பைல கேன்சர் வந்து செத்தாங்க" என்றாள் ஹின்டி.

"ஐயோ, வாயை மூடுடி!" என்றாள் யிட்டா.

"முதல்ல பேச வேண்டியது நாங்கதானே பெரியம்மா? பேசிட்டேன்."

பிரைண்டலும் ஆரம்பித்தாள். "அது நம்ம ரத்தத்துலயே வருது. ஜீன்ல. எனக்கு இருக்கு, டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டேன். ரெண்டு புள்ளை போதும். சினைப்பையை எடுத்துடப் போறேன்."

மாப்பிள்ளையின் தாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆம்பளைங்க வழியாவும் வரும்மா" என்றாள் ஹின்டி. "உங்க பையனையும் பாத்துக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் தாய் படியிறங்கும் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது. ஃப்ரூமா அம்மாளுக்குப் பேச இப்போது அனுமதி இருந்தும் பேச்சு வரவில்லை.

"ஏழு நாள் துக்கம் முடிஞ்சதும் நானும் அந்த டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போறேன்" என்றாள் ஹின்டி. "யாரு வர்றீங்க?"

யிட்டாவின் மூத்த பெண் எழுந்து வந்து குழந்தையைத் தன் தாயின் கையில் கொடுத்தாள். ஊசியோ நர்ஸோ இல்லாத அந்தக் கூடத்தில் நின்றபடி, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.