ராஜாவின் வயிறு

நாடக உடை என்றால் ஜிகினா ஒட்டுவது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் டைரக்டர் கோவிந்தராஜும் அந்த ரகம்தான். "மெஹக், ராஜா நல்லா மின்னணும்மா" என்பார். மின்னி என்ன ஆகப்போகிறது? ஊரே பஞ்சத்தில் இளைத்துக் கிடக்க, தான் மட்டும் இளைக்காத ஒரு ராஜா. அதுதான் கதை. அவன் வயிறு நம்பும்படி இருந்தால் பாதி நாடகம் முடிந்தது.

ராஜா வேஷம் தேவாண்ணனுக்கு. பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். போன வருஷம் வேறொரு நாடகத்துக்கு அளவெடுத்தபோது அவர் இடுப்பு நாற்பத்து நாலு. "உங்களுக்குத் தொப்பையை ஆண்டவனே தைத்து அனுப்பிட்டான்" என்று கேலி செய்தேன். சிரிக்கச் சிரிக்க டேப் குலுங்கியது.

இந்த வருஷம் பூந்தமல்லியில் என் கடைக்கு அளவு கொடுக்க வந்தவர், சட்டைக்கு மேல் சட்டை போட்டிருந்தார். கழற்றச் சொன்னேன். டேப்பைச் சுற்றினேன். முப்பத்து நாலு. தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று மறுபடி சுற்றினேன்.

"திரும்பத் திரும்ப அளந்தா ஏறிடாது மெஹக்கு."

"இன்னாண்ணே இது?"

"வயித்துல கட்டி. முத்திப்போச்சுன்ட்டாங்க. ஷோபனாவுக்குத் தெரியும். இப்ப உனக்கு." ஷோபனா அவர் மனைவி. "எங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

அக்கா பார்வதம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். தம்பி நடிக்கும் நாடகம் எதுவானாலும் முதல் நாள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இவரோ ஐந்து மாதமாக ஓவர்டைம் என்று போனில் சொல்லிச் சொல்லி அந்தப் பக்கமே போகவில்லை.

"யாரோ நான் எளச்சிட்டேன்னு அக்காகிட்ட போட்டுக் குடுத்துட்டாங்க. நாடகத்துக்கு வந்து பாக்கறேன்னு சொல்லிகீது. ஒரே ஒரு தபா அது என்னைப் பழைய மாதிரி பாத்துட்டுப் போவட்டும். அப்பால நானே சொல்லிக்கிறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வளர்த்தவரை ஏமாற்றத்தான் நான் ஊசி பிடித்தேனா? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுத் துணியை எடுத்தேன்.

வயிற்றில் மட்டும் பஞ்சு வைத்தால் தலையணையைக் கட்டிய மாதிரிதான் இருக்கும். இளைப்பு முதலில் தோளில் தெரியும், பிறகு மேல்கையில். பழைய வேட்டியில் ஓர் உள்சட்டை தைத்து, இடத்துக்கு ஏற்ற கனத்தில் இலவம் பஞ்சு வைத்தேன். வயிற்றின் அடியில் ஒரு பை கேழ்வரகு. இல்லாவிட்டால் நடக்கும்போது குலுங்காது. கழுத்தெலும்பை மறைக்க அட்டிகை, கன்னத்துக்குத் தாடி. கோவிந்தராஜ் ஜிகினாவை மட்டும் பார்த்துவிட்டு, "சூப்பர்" என்றார்.

அம்பத்தூரில் முதல் காட்சி. ராஜா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் பார்வதம் அக்கா கைதட்டினார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. திரைக்குப் பின்னால் வரும்போதெல்லாம் ராஜா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நாடகம் முடிந்து உடையைக் கழற்றுவதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டார்.

"எந்த நாசமாப் போனவன்டா நீ எளச்சிட்டேன்னு சொன்னது?" என்று தம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

நான் அந்தச் சட்டையைக் கண்ணுக்குத்தான் தைத்திருந்தேன். கைக்குத் தைக்கவில்லை. அக்காவின் விரல்கள் முதுகில் அழுந்தி, ஓர் இடத்தில் நின்றுவிட்டன. கேழ்வரகு நரநரத்தது.

அவர் மெதுவாகக் கையை எடுத்தார். "வேர்த்துக் கொட்டுது பாரு, தண்ணி குடி. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தேவாண்ணன் முகத்தில் அத்தனை வெளிச்சம். "நம்பிச்சு பாத்தியா! மெஹக்கு, இந்த உள்சட்டைய நான் எடுத்துகினு போறேன். ஞாயித்துக்கெழம சொக்காவுக்குள்ள போட்டுகினு அக்கா ஊட்டுக்குப் போறேன்."

நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். அந்த முகத்திடம் வேறு என்ன சொல்வது?

இரண்டு நாள் கழித்துப் பார்வதம் அக்கா கடைக்கு வந்தார். ஷேர் ஆட்டோ தூசி முகத்தில் அப்படியே இருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"பஞ்சுக்குள்ள எலும்பு தட்டுச்சும்மா," என்றார். "ஷோபனாவை உலுக்கி எடுத்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டா."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காராமலே தொடர்ந்தார்.

"அஞ்சு மாசமா எட்டிப் பாக்காதவன் ஞாயித்துக்கெழம வரேன்னு போன் பண்ணிகீறான். நீ தெச்சது இருக்கங்காட்டித்தான் வரான். வரட்டும். ஆனா அது ரொம்ப கனமா கீதுமா. இந்த வெயில்ல அவனுக்கு மூச்சு முட்டும். அந்தத் தானியமெல்லாம் வேணாம். மெல்லிசா, காத்து போற மாதிரி ஒண்ணு தெச்சிக் குடு. நீயா குடுக்கிற மாதிரி குடு. நான் கேட்டேன்னு சொல்லிடாத."

"மெல்லிசா தெச்சா தொட்டதும் தெரிஞ்சிடுமேக்கா?"

"நான் தொட மாட்டேன்."

அழுகையை அடக்க எனக்கு வேலைதான் தெரியும். டேப்பைக் கையில் எடுத்தேன். "எவ்ளோ சுத்தளவு வெக்கட்டும்க்கா?" என்று கேட்டேன், எனக்கே தெரிந்த அளவை.

அக்கா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதிரில் ஆள் நிற்பது போல வளைத்துக் காட்டினார். அந்த வளைவுக்குள் டேப்பைச் சுற்றினேன். நாற்பத்தைந்து. ஓர் அங்குலம் கூடவே பிடித்திருந்தார்.

அளவெடுத்து முடித்த பிறகும் அவர் கைகளை இறக்கவில்லை. நானும் இறக்கச் சொல்லவில்லை.