முதலில் எழுதிய பெயர்

கடைப் பதிவில் மரியாதைக்குத்தான் அத்தான் பெயரை முதலில் எழுதினேன். அக்கா புருஷன், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் பெயருக்கு மேலே என் பெயரை எழுதக் கை வரவில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் முதல் பெயர்தான் முதலாளி, இரண்டாவது வெறும் கூலிக்காரன் என்று எனக்கு எந்தப் பாவி சொன்னான்?

ஆறு வருஷம் டாக்ஸி ஓட்டி நான் திறந்த சலவைக் கடை. இன்று காலை பத்து மணிக்கு அதை எதிர்க்கடைக்காரனுக்கு எழுதிக்கொடுக்கிறார் அத்தான். அவனும் நம்ம ஆள்தான், பிழைக்க வந்தவன். துணைக்கு இரண்டு தடியன்கள்.

"கையெழுத்து இங்க செல்லாது. கட்டைவிரல வைங்க, முடிஞ்சுது" என்று எதிர்க்கடைக்காரன் மை டப்பாவைத் திறந்தான்.

"அத்தான், வேணாம். இது என் உயிரு."

"உயிரை யாரு கேட்டா மாப்ளே? கடையைத்தானே கேக்குறாரு!" அத்தான் சிரித்தார். "உன் வேலை போகாது. இவர்கிட்டயே துணி தேய்."

பாய்ந்தேன். ஒரு தடியன் என் முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். மற்றவன் விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது. கைக்கு அகப்பட்டது இஸ்திரிப் பெட்டி. சுழற்றினேன். காதோடு வாங்கியவன் ஈரத்துணிக் கூடையில் சரிந்தான். அடுத்தவன் அவனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், ஓடினான்.

அத்தான் விரலில் மை ஏறியிருந்தது.

"வைக்காதே!" வாழ்க்கையில் முதன்முறையாக அவரிடம் ஒருமையில் கத்தினேன்.

"என்னடா, மரியாதை கொறையுது?"

அந்தக் கையை இழுத்து, கோட்டு தேய்க்கும் நீராவி மெஷினில் வைத்து மூடியை இறக்கினேன். புஸ்ஸென்று ஆவி. அத்தான் போட்ட அலறலில் எதிர்க்கடைக்காரன் பாதித் தெருவைத் தாண்டிவிட்டான்.

மூடியைத் தூக்கியது அக்கா. பின்னறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியும் கையுமாக ஓடிவந்திருந்தாள். வெந்த கையை ஈரத் துண்டில் சுற்றினாள். என் கன்னத்தில் ஒன்று விட்டாள், பல் ஆடியது. போனில் நாலு வார்த்தை பேசினாள். பிறகு மேஜைமேல் கிடந்த பத்திரத்தைக் கிழித்தெறிந்தாள்.

"விக்க வந்தவரும் கூடையில கெடக்குறவனும் ஆஸ்பத்திரிக்கு. கையச் சுட்டவன் ஸ்டேஷனுக்கு. தனித்தனி வண்டி சொல்லியிருக்கேன்."

"அக்கா, கடை..."

"தொறந்துதான் இருக்கும். நீங்க ரெண்டு பேரும் இனி இங்க காலெடுத்து வைக்கக் கூடாது."

சைரன் நெருங்கியது. வாசலில் ஒருவர் அழுக்கு மூட்டையோடு திகைத்து நின்றார். அக்கா ஒரு பழைய துணியைக் காலால் இழுத்து ரத்தத்தின்மேல் போட்டாள். மூட்டையை வாங்கிக்கொண்டு, எத்தனை சட்டை என்று அவர் மொழியிலேயே கேட்டாள்.