ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

தங்கராஜுக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும். ரேடியோ என்றால் வால்வு ரேடியோதான், மற்றதெல்லாம் தகர டப்பா. கலர் டிவி கண்ணைக் கெடுக்கும். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறி இட்லி கல்லாகிவிடும். மிக்ஸி கம்பெனிக்காரன் வீட்டிலேயே உரல்தான் இருக்கும், வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்பார். கிர்க்கி பஜாரில் டீ குடிக்க நின்றால் இதைக் கேட்கவே நாலு பேர் கூடிவிடுவார்கள். ஆயுதத் தொழிற்சாலையில் இருபது வருஷமாக லேத் ஓட்டுகிற மனுஷன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "சுத்த பக்வாஸ்! வெளிநாட்டுக்காரன் கழிச்சுப் போட்ட கச்ராவ நம்ம தலையில கட்டுறான். உங்க ஆபீஸ் சாகேப்பும் வாங்கி ஏசி ரூம்ல வச்சிருக்காரு. மனுஷனுக்கு ஃபேன் இல்ல, அதுக்கு ஏசி!" என்று மனைவி பார்வதியிடம் தினமும் ஒரு பாட்டு பாடுவார்.

பார்வதியின் கவலை வேறு. அவள் பிம்ப்ரியில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினாலு வருஷமாக டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்ததும் மேனேஜர் கோட்போலே சாகேப் சொல்லிவிட்டார்: இனிமேல் ரெண்டு டைப்பிஸ்ட் தேவையில்லை. பார்வதியோ, கூட டைப் அடிக்கிற தமிழ்ப் பெண் பிலிஸோ, ஒருத்திக்குத்தான் அந்த ஏசி ரூம் நாற்காலி. இன்னொருத்தி ஒண்ணாம் தேதியிலிருந்து சிஞ்ச்வட் குடோனுக்குப் போய், அங்கே வருகிற லாரிக்குச் சீட்டு எழுத வேண்டியதுதான். பதினாலு வருஷம் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்த கைக்கு லாரிச் சீட்டா! அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

அதற்காகத்தான் ரெண்டு மாசம் உயிரைக் கொடுத்து பம்ப் உதிரிபாகப் பட்டியல் முழுவதையும் கம்ப்யூட்டரில் அடித்தாள். ரெண்டாயிரத்துச் சொச்சம் சாமான். எல்லாம் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடக்கம். அப்பளம் மாதிரி மெல்லிசாக, கறுப்பாக, சதுரமாக ஒன்று. தசரா முடிந்த மறுநாள் பம்பாய் ஆபீஸ்காரர்கள் வரும்போது அதைப் போட்டுக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் நாற்காலி அவளுக்கு.

கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் இன்பநாதன் தமிழ் ஆள். "அக்கா, எப்பவும் ரெண்டு காப்பி எடுத்து வைங்க" என்று படித்துப் படித்துச் சொன்னான். எடுத்தால் ரெண்டாவது காப்பி பொது அலமாரிக்குப் போகும். பிலிஸ் அதை எடுத்துத் தான் அடித்ததாகக் காட்டிவிட்டால்? பார்வதி எடுக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன பயம்தான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி.

சரஸ்வதி பூஜைக்கு வருஷா வருஷம் டைப்ரைட்டர் ரிப்பன் டப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைப்பாள். சோறு போடுகிற சாமானாயிற்றே. இந்த வருஷம் ஃப்ளாப்பிதானே சோறு போடப் போகிறது? யாரிடமும் சொல்லாமல் ஒரு துணியில் சுற்றி டிபன் பைக்குள் வைத்துக் கொண்டு வந்துவிட்டாள். பூஜையில் தங்கராஜின் ஸ்பானர், பையனின் புத்தகம், கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் அதையும் உறையோடு வைத்துவிட்டு, சுண்டல் தாளிக்க அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பூஜை கலைக்க உட்கார்ந்து, குவிந்து கிடந்த பூவை ஒதுக்கினாள். ஃப்ளாப்பி உறையை விட்டு வெளியே கிடந்தது. நடுவில் உள்ளே இருக்கிற தகடு தெரிகிற அந்த நீளப் பொந்தில், சரியாக அதே இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாம் காய்ந்து இறுகியிருந்தது.

இது யார் கை என்று கேட்கவா வேண்டும்? பூஜைச் சாமானுக்கெல்லாம் பொட்டு வைப்பது வீட்டு ஆம்பளைதான். அவர் வாசலில் பஜாஜ் ஸ்கூட்டருக்குச் செண்டுமல்லி மாலை கட்டிக்கொண்டிருந்தார். "ஐயோ, கெட்டேனே!" என்று வாய்வரை வந்தது. நல்ல நாளில் எதற்கு என்று விழுங்கிக்கொண்டாள். ஈரத் துணியின் நுனியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மஞ்சளாக இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அன்றைக்குத் தசரா, ஆபீஸ் லீவு.

மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி ரூமுக்குள் போனாள். பம்பாய்க்காரர்கள் மூணு பேரும் கோட்போலே சாகேப்பும் பின்னால் நின்றார்கள். பிலிஸ் சுவரோரம் நின்றாள். காட்டும்போது கூட இருக்கட்டும் என்று இன்பநாதனையும் வரச் சொல்லியிருந்தார்கள். முருகா என்று ஃப்ளாப்பியைச் செருகினாள். மிஷின் கரக் கரக் என்று சத்தம் போட்டது. படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதே வரி. இன்பநாதன் அவசரமாகத் தன் பையிலிருந்து வேறொரு ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். அதையும் மிஷின் படிக்கவில்லை.

"அப்போ மிஷின்தான் போச்சு!" என்று பம்பாய்க்காரர் ஒருவர் இந்தியில் சொன்னார்.

கோட்போலே சாகேப்பின் முகம் சிவந்துவிட்டது. இன்பநாதன் மிஷினைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உள்ளே துடைத்தான். பஞ்சு மஞ்சளாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனவன் ஒரு கணம் அசையவில்லை. பிறகு குனிந்தபடியே, தலை நிமிராமல், தமிழில் கேட்டான்.

"அக்கா, சந்தன வாசம் அடிக்குதே?"

பிலிஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள், அவளும் தமிழ்தானே. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இன்பநாதன் பஞ்சை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தூசி சார்" என்றான் இந்தியில்.

"தூசியா? செருப்பு கூடப் போடாம வர்ற ரூம்ல எங்கேருந்துய்யா தூசி?" சாகேப் கத்தினார். "உங்க கம்பெனியே ஃப்ராடு! ஓட்டை மிஷினை வித்துட்டுக் கதை சொல்றீங்க. இன்னைக்கே தூக்கிட்டுப் போ. உன் மேல புகார் எழுதி அனுப்புறேன், இன்னொரு ஆபீஸ்ல நீ எப்படிக் கால் வைக்கிறேன்னு பார்க்கிறேன்!"

இன்பநாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். போன மாசம்தான் பெண் பிறந்திருக்கிறது என்று பேடா கொண்டுவந்து கொடுத்தான். பார்வதி பேசாமல் இருந்தால் போதும். மிஷின் மேல் பழி, கம்பெனி மேல் பழி, ஆளாளுக்கு நாலு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். புது மிஷின் வரும், அவளும் பழைய உதிரிபாகக் கார்டுகளைப் பார்த்து மறுபடி அடித்துவிடலாம். மனசு இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"சாகேப், மிஷின் மேல தப்பு இல்ல. ஃப்ளாப்பியை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பூஜையில வச்சு சந்தனம் வச்சது நான்தான்."

சாகேப் மேஜைமேல் கிடந்த தசராச் செண்டுமல்லியை ஒரு தரம் பார்த்தார், அவளையும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "காப்பி எங்கே?" என்று மட்டும் கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்குள் இன்பநாதன் துடைத்து முடித்து, தன் ஃப்ளாப்பியைப் போட்டான். மிஷின் சமர்த்தாகப் படித்தது. அவளுடையதைப் படிக்கவே இல்லை.

"பிலிஸ், நீங்க உட்காருங்க" என்றார் சாகேப்.

பிலிஸ் நாற்காலியில் உட்காரும்போது பார்வதியின் கையைப் பிடித்து அழுத்தினாள். அது இன்னும் வலித்தது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பார்வதி புருஷனைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தாள். எல்லாத்துக்கும் தீர்ப்பு சொல்ற வாய், தொடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாசல்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட வேண்டும் என்று வந்தவள், உள்ளே போனதும் நின்றுவிட்டாள்.

தங்கராஜ் கையில் புதுசாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. "வா, வா! லட்சுமி ரோடு கடை பூரா ஏறி இறங்கினேன். உன் ஃப்ளாப்பி வைக்கிறதுக்கு. சாவி வேற இருக்கு பாரு. நல்ல கம்பெனி" என்றார். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதையும் அந்த மனுஷன் நல்லது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. "என்ன சொன்னான் உங்க சாகேப்? ஓடுச்சா?"

அவள் டப்பாவை வாங்கவில்லை. "அது மேல ஏங்க பொட்டு வச்சீங்க?" என்றாள்.

"உறையில வச்சா சாமானுக்குச் சேருமா? அதான் வெளிய எடுத்தேன். அந்த இடம் மட்டும் பளபளன்னு இருந்துச்சு. அதுதான் அதுக்கு நெத்தின்னு நெனச்சு..." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார். "அழிஞ்சிருச்சா?"

"எல்லாம் போச்சு."

அவர் தன் கட்டைவிரலை ஒரு தரம் பார்த்தார். டப்பாவை டிவி மேல் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை இழுத்தார். "நட. சாகேப் வீடு எங்கே? நான் வந்து சொல்றேன். வச்சவன் நான், என்னை நாலு வார்த்தை கேக்கட்டும். நீ ஏன் குடோனுக்குப் போகணும்?"

"வேணாங்க."

"ஏன் வேணாம்? செஞ்சவன் சொல்லணுமா இல்லையா?"

"சொல்லியாச்சு" என்றாள் பார்வதி. "நான்தான் வச்சேன்னு சொல்லியாச்சு."

தங்கராஜ் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்தபடி நின்றார்.